தெய்வ வாக்கில் தர வேறுபாடு உண்டோ? யூத ஆசிரியர் கண்ட முடிபு

ஒரு நூல் இறைவன் வாக்கென்று கொள்ளப்பட்டபின், அதன்கண் மேல் கீழ் என்னும் வேறுபாடு காண்டல் பொருந்துமோ என்பது சமய ஆராய்ச்சியுள் எழும் அரிய வினாக்களுள் ஒன்று. இறைவன் குறைவிலா நிறைவினன் ஆதலின், அவன் வாக்கு முழுதும் ஒரு தரத்ததாகவே இருத்தல் வேண்டும் என்பர் ஒருசாரார். அங்ஙனமாயின், கொலையும் களவும் விலக்கும் விதியும், அரசர்தம் வரலாறும், துன்புற்றான் ஒருவன் தன் இறைவனை நோக்கிக் கதறும் கதறலும் தம்முள் வேறுபாடின்றி ஒன்றாதல் வேண்டும். அது நூலைப் பயில்வார் அனுபவத்தோடு மாறுபடும். வேறுபாடு உண்டெனின், தாழ்ந்த பகுதியில் இறைவன் கூறியது எவ்வளவு, மனிதன் கூட்டியது எவ்வளவு என்னும் ஐயம் எழும். எழுந்த ஐயம் கீழ்ப்பகுதியோடு நில்லாது மேற்பகுதியையும் சென்று பற்றும். இவ்வாறு இருதலையும் இடர்ப்பாடுடைய இவ்வினாவை அஞ்சாது எடுத்துப் பன்னூற்றாண்டு ஆராய்ந்தவர் யூத ஆசிரியர். அவர் கண்ட முடிபும், அம்முடிபால் அவர் காத்துக்கொண்டது யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

யூதர்தம் மறைநூற்றொகுதி 24 நூல்களை உடையது; அது மூன்று பிரிவினது. முதலாவது தோரா. ஆதியாகமம் முதல் உபாகமம் ஈறாக, மோசேயின் வழியாக அருளப்பட்டனவாகக் கொள்ளப்படும் 5 நூல்கள் அதன்கண் அடங்கும். இரண்டாவது நெவீயிம், அஃதாவது தீர்க்கதரிசிகள் பகுதி. யோசுவா, நியாயாதிபதிகள், சாமுவேல், இராசாக்கள் என்னும் நான்கும், ஏசாயா, எரேமியா, எசேக்கியேல், சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிருவர் என்னும் நான்குமாக அது 8 நூல்களை உடையது. மூன்றாவது கெதுவீம், அஃதாவது எழுதப்பட்டவை. சங்கீதம், நீதிமொழிகள், யோபு, உன்னதப்பாட்டு, ரூத், புலம்பல், பிரசங்கி, எஸ்தர், தானியேல், எஸ்ரா நெகேமியா, நாளாகமம் என்னும் 11 நூல்கள் அதன்பாற்படும். இம்மூன்று பெயர்களின் முதலெழுத்துக்களைக் கூட்டித் தொகுதி முழுவதையும் தனாக் என வழங்குவர். கிறித்துவர் இந்நூல்களையே பழைய ஏற்பாடு எனக் கொண்டு வேறு முறையில் அடுக்கினர்; அவ்வடுக்கில் தானியேல் தீர்க்கதரிசிகளோடும், ரூத் வரலாற்று நூல்களோடும் வைக்கப்பட்டன. யூதர் அடுக்கு அன்னதன்று. இம்மூன்று பகுதிகளும் வெவ்வேறு காலத்தில் முடிவு பெற்றமையே பிரிவுக்குக் காரணம் என்பர் இக்கால வரலாற்றாராய்ச்சியாளர் பலர். யூத ஆசிரியரோ, அப்பிரிவு அருளின் தரம் பற்றியது எனக் கொண்டனர்.

இத்தர வேறுபாடு ஏட்டளவில் நின்றதொரு கொள்கை அன்று. அவர்தம் ஒழுக்கத்தினும் வேரூன்றியது. தோராச் சுருளைத் தீர்க்கதரிசிகள் நூலின்மேல் வைக்கலாம். தீர்க்கதரிசிகள் நூலைத் தோராவின்மேல் வைத்தலாகாது என்பது தல்மூதில் காணப்படும் விதி. கி. பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா மற்றொரு முறை கூறும். ஓர் ஊரார் தம் பொதுவெளியை விற்பாராயின் அப்பொருளால் தொழுகைக்கூடம் வாங்கலாம். கூடத்தை விற்ற பொருளால் சுருள் வைக்கும் பேழையும், பேழையை விற்ற பொருளால் சுருளைப் பொதியும் துகிலும், துகிலை விற்ற பொருளால் ஏனை மறைநூல்களும், அந்நூல்களை விற்ற பொருளால் தோராவும் வாங்கலாம். ஏறுமுகமாகச் செல்லலாமேயன்றி இறங்குமுகமாக மீளலாகாது; தோராவை விற்று ஏனை நூல்களை வாங்குதல் விலக்கப்பட்டது. தொழுகைக்கூடத்தில் தோரா ஆண்டு முழுவதும் 54 பகுதிகளாக, ஒன்றும் எஞ்சாது ஓதப்படும். தீர்க்கதரிசிகள் நூல்களினின்று தெரிந்தெடுத்த சிறு பகுதிகளே ஓய்வுநாட்களில் அதனைத் தொடர்ந்து ஓதப்படும். தோராச் சுருளில் உள்ள எழுத்துக்கள் 3,04,805 என்பது மரபு; அவற்றுள் ஓரெழுத்துக் குறையினும் அச்சுருள் திருத்தப்படுங்காறும் பொதுவில் ஓதுதற்கு உதவாது.

இவ்வேறுபாட்டிற்கு அடிப்படை தோராவினுள்ளேயே உளது. எண்ணாகமத்தின் 12-ஆம் அதிகாரத்தில், மற்றைத் தீர்க்கதரிசிகட்குத் தரிசனத்தினும் கனவினும் தோன்றும் இறைவன், மோசேயோடு மறைபொருளாக அன்றி நேர்முகமாகப் பேசுவான் என்னும் கருத்துக் கூறப்படுகின்றது. தல்மூத் ஆசிரியர் இதனைக் கண்ணாடி உவமையான் விளக்கினர். ஏனைத் தீர்க்கதரிசிகள் தெளிவில்லாத கண்ணாடி வழியாக நோக்கினர். மோசே தெளிந்த கண்ணாடி வழியாக நோக்கினார் என்பது அவர் கருத்து. காணப்பட்ட பொருள் ஒன்றே. இடைநின்ற கண்ணாடியே வேறு என்பது உய்த்துணரற்பாலது.

இக்கொள்கையை முறைப்பட வகுத்தவர், ஸ்பெயின் நாட்டுக் கொர்தோபா நகரிற் பிறந்து எகிப்து நாட்டில் 1204-இல் மறைந்த மோசே மைமோனிடிஸ் என்னும் பேராசிரியர். அவர் அரபு மொழியில் இயற்றிய மயங்குவோர் வழிகாட்டி என்னும் நூலின் இரண்டாம் பாகத்தில், 45-ஆம் அதிகாரத்துள், 11 படிகள் வகுத்துக் காட்டுகின்றார். முதற்படி, ஒருவனைப் பெருஞ்செயல் ஒன்றிற்குத் தூண்டும் தெய்வ வலிமை. சிம்சோன் முதலியோர்பால் நிகழ்ந்தது அது. இரண்டாம் படி, விழித்திருக்கும் ஒருவன் தன் அறிவு தன்வயத்ததாக இருக்கவே, தன்னினும் மேம்பட்டதொன்று தன்னுள் புகுந்து ஞானமும் துதியும் பேசுவிப்பதை உணர்தல். இதனைப் பரிசுத்த ஆவி என்பர். தாவீதின் சங்கீதங்களும், சாலொமோனின் நூல்களும், யோபும், தானியேலும், நாளாகமமும், ஏனைக் கெதுவீமும் இவ்விரண்டாம் படியில் தோன்றின என்பது அவர் துணிபு. இவ்விரண்டும் தீர்க்கதரிசனத்திற்கு வாயிற்படிகளேயன்றித் தீர்க்கதரிசனம் ஆகா. மூன்று முதல் ஏழு வரையுள்ளவை கனவில் நிகழ்வன: உருவகம் காண்டல், சொற் கேட்டல், மனிதன் ஒருவன் பேசக் காண்டல், தேவதூதன் பேசக் காண்டல், இறைவனே பேசுவது போலக் காண்டல் என்பன அவை. எட்டு முதல் பதினொன்று வரையுள்ளவை விழிப்பில் நிகழும் தரிசனங்கள். மகனைப் பலியிடச் சென்ற ஆபிரகாமைத் தேவதூதன் தடுத்த காலத்து நிகழ்ந்ததை அவற்றுள் முடிந்த படிக்கு எடுத்துக்காட்டாக வைத்தார். மோசேயோ இப்படிகளுள் ஒன்றினும் வைக்கப்பட்டாரல்லர். அவர் இவற்றிற்கெல்லாம் அப்பாற்பட்டவர்.

மோசேயை ஏனையோரினின்று பிரிக்கும் வேறுபாடுகள் நான்கு எனவும் அவர் தமது சட்டத் தொகுப்பிற் கூறுவர். ஏனையோர் கனவிலோ தரிசனத்திலோ கேட்டனர். மோசே விழித்து நின்று கேட்டார். ஏனையோர்க்குத் தூதன் இடைநின்றான். மோசேக்கு இடைநிற்பார் இலர். ஏனையோர் அச்சத்தால் நடுங்கித் தளர்ந்தனர். மோசே நண்பனொருவன் சொற்கேட்பார் போல நிலைபெற்றிருந்தார். ஏனையோர் விரும்பியபோதெல்லாம் அருள்வாக்குப் பெற்றிலர். மோசே வேண்டியபோதெல்லாம் பெற்றார். இந்நான்கும் கேட்போன் நிலையைப் பற்றியனவே. கூறுவோனாகிய இறைவனைப் பற்றியது ஒன்றும் இல்லை என்பது காண்க.

அற்றேல், தரம் தாழ்ந்த வாக்கு உண்டெனவே, வாக்கருளியோனும் சில பொழுது குறைவாக அருளினான் என்று ஆகாதோ எனின், ஆகாது என்பது அவர் விடை. எசேக்கியேல் தாம் கண்ட இறைவன் தேரினை மிக விரித்துக் கூறினார். ஏசாயா தாம் கண்டதைச் சுருங்கக் கூறினார். விரித்தவர் மிகுதியாகக் கண்டார், சுருக்கியவர் குறைவாகக் கண்டார் என்று தோன்றும். தல்மூதில் வரும் ராவா என்னும் ஆசிரியர் இதனை மறுத்து, இருவர் கண்டதும் ஒன்றே என்றார். எசேக்கியேல் அரசனைக் கண்ட நாட்டுப்புறத்தானை ஒப்பர்; ஏசாயா அரசனைக் கண்ட நகரத்தானை ஒப்பர். முன்னவன் கண்டதெல்லாம் புதுமையாதலின் ஒன்றும் விடாது கூறுவன். பின்னவன் பழகியவனாதலின் வேண்டுவதே கூறுவன். இன்னும், ஒரே கருத்துப் பல தீர்க்கதரிசிகட்கு அருளப்படினும், இருவர் ஒரே சொன்னடையில் அதனை உரைப்பதில்லை என்பதும் தல்மூத் கூறும் இலக்கணம். சொல்லுக்குச் சொல் ஒத்து உரைப்பாராயின், அது கேட்டு ஒப்பித்ததெனக் கருதி ஐயுறப்படும். எனவே, கொள்வோன் இயல்பு வாக்கின்கண் கலந்திருத்தல் குற்றமன்று. உண்மைக்குச் சான்றே ஆயிற்று.

தரம் என்பது ஆளைப் பற்றியதும் அன்று. பாபிலோனியத் தல்மூதில் நூலாசிரியர்களைக் கூறுமிடத்து, எரேமியா தம் பெயரால் வழங்கும் நூலோடு புலம்பலையும் எழுதினார் என்றும், சாமுவேல் தம் நூலோடு நியாயாதிபதிகளையும் ரூத்தையும் எழுதினார் என்றும் காணப்படுகின்றது. எரேமியாவின் ஒரு நூல் தீர்க்கதரிசிகள் பகுதியினும், மற்றொன்று கெதுவீமினும் நின்றன. சாமுவேலின் நூல்களும் அவ்வாறே பிரிந்து நின்றன. இவற்றினும் வியக்கத்தக்கது, மோசேயே யோபின் நூலையும் எழுதினார் என்பது. அவ்விடத்தே யோபின் காலம் பற்றிப் பிற கருத்துக்களும் உளவேனும், மோசே எழுதினார் என்று கொண்டாரும் அந்நூலைத் தோராவோடு சேர்த்திலர். எழுதியவர் தீர்க்கதரிசிகளுள் தலையாயவர் எனினும், அவர் எழுதியதெல்லாம் தலையாயது ஆகாது. எந்நிலையில் நின்று எழுதினார் என்பதே நோக்கற்பாலது. பெரியோர் ஒருவர் வாயினின்று வந்தமை பற்றியே ஒரு சொல்லைத் தெய்வச் சொல்லாகக் கொண்டு மயங்குவார்க்கு இது தக்கதொரு தடையாம்.

இனி, இவ்வேறுபாட்டால் அவர் காத்துக்கொண்டது யாது என்பது ஆராயற்பாலது. அது விதியின் நிலைபேறு. தோராவின் விதிகளைத் தீர்க்கதரிசிகள் வாக்கினின்று வருவித்தல் கூடாது என்பது தல்மூத் வழங்கும் பொது முறை. மோசேக்குப் பின் வந்த தீர்க்கதரிசி எவரும் புதிய விதியொன்று படைத்தற்கு உரியரல்லர். அற்புதம் பல காட்டிய ஒருவன், தோரா நீக்கப்பட்டது என்று கூறுவானாயின், அவ்வற்புதங்களே பொருளாகக் கொண்டு அவனை நம்பலாகாது என்பர் மைமோனிடிஸ். மோசேயை மக்கள் நம்பியதும் அவர் செய்த அற்புதங்களால் அன்று, சீனாய் மலையடியில் தாமே நின்று கேட்டமையால் என்பது அவர் காட்டும் காரணம். ஓர் அவசரம் பற்றி ஒரு விதியைச் சிறிது பொழுது நிறுத்தி வைத்தற்குத் தீர்க்கதரிசிக்கு உரிமை உண்டு. எலியா எருசலேமுக்குப் புறத்தே கர்மேல் மலையிற் பலியிட்டது அத்தகையது. நிலையாக மாற்றும் உரிமை ஒருவர்க்கும் இல்லை.

இம்முறையை எத்துணை உறுதியாகக் கொண்டனர் என்பதற்குத் தல்மூதில் வரும் அடுப்பு வழக்கு சான்றாகும். ஒருவகை மண்ணடுப்புத் தீட்டுக்கு உரியதோ அன்றோ என்று ஆசிரியர்க்குள் வழக்கு நேர்ந்தது. எலியேசர் என்னும் ஆசிரியர் ஒருவரே ஒருபுறம் நின்றார்; ஏனையோர் மறுபுறம் நின்றனர். எலியேசர் தம் கொள்கைக்குச் சான்றாக மரமொன்று இடம் பெயரவும், நீரோட்டம் எதிரேறவும், கல்விக்கூடத்துச் சுவர் சாயவும் செய்தார். முடிவில் விண்ணினின்று ஒரு குரலும் அவர்க்குச் சார்பாக எழுந்தது. அப்பொழுது யோசுவா என்னும் ஆசிரியர் எழுந்து நின்று, தோரா விண்ணிலுள்ளதன்று, மக்கட்கு அளிக்கப்பட்டுவிட்டது என்னும் கருத்தை வற்புறுத்தினார்; விண்ணொலி ஏற்றுக்கொள்ளப்படவில்லை. இது தெய்வத்தை மறுத்ததாகாது. மேற்றரத்து வாக்கினைக் கீழ்த்தரத்து வாக்கினால் அழித்தல் கூடாது என்பதே இதன் கருத்து. அத்தர வேறுபாடு இல்லையாயின், தன்னுள் ஒரு குரல் கேட்டதென்று கூறும் ஒவ்வொருவனும் மக்கள் வாழ்வினை ஆளும் விதியைத் தன் விருப்பின்படி திருத்தற்கு இடம் பெறுவன். அருளின் பெயரால் நேரும் கொடுமை பிற கொடுமைகளினும் பெரிது. அதற்கு மேல்முறையீடு இன்மையின்.

அங்ஙனமாயின், கீழ்த்தரத்தனவாகிய கெதுவீம் எளியனவாகக் கருதப்பட்டனவோ எனின், அன்று. எவ்வெந்நூல்கள் தெய்வத்தன்மையுடையன என்பதனை, அவை கைகளைத் தீட்டுப்படுத்துமோ என்னும் வினாவால் ஆராய்ந்தனர். பூசைக்குரிய தானியத்தை மறைச்சுருள்களோடு ஓரிடத்தே வைத்தலால் எலிகள் அவற்றைக் கெடுத்தன ஆகலின், சுருளைத் தொட்ட கை தீட்டுடையது என்று விதித்து அவற்றைப் பிரித்து வைக்கச் செய்தனர். அதனால் கையைத் தீட்டாக்குதல் மறைநூலின் அடையாளம் ஆயிற்று. உன்னதப்பாட்டும் பிரசங்கியும் இத்தகுதி உடையனவோ என்பதில் வழக்கு நிகழ்ந்ததை மிஷ்னா கூறும். தலைவன் தலைவியர் காதலைப் பாடும் உன்னதப்பாட்டினை, மறைநூல்களுள்ளும் மிகத் தூயது என்று அக்கிபா என்னும் பேராசிரியர் வாதித்தார். எஸ்தர் நூலின் எபிரெய மூலத்தில் இறைவன் பெயர் ஓரிடத்தும் வாராது. ஆயினும், ஆமான் தன் நெஞ்சினுள் நினைத்ததனை அந்நூல் கூறுகின்றமையின், நெஞ்சினுட் புகுந்து அறியும் பரிசுத்த ஆவியால் அன்றி அஃது எழுதப்பட்டிராது என்று ஓராசிரியர் காரணம் காட்டினர்.

சங்கீதங்கள் 150-இன் நிலை மேலும் நுட்பமுடையது. தோராவில் இறைவன் மனிதனை நோக்கிப் பேசுகின்றான். சங்கீதங்கள் பலவற்றில் மனிதன் இறைவனை நோக்கிப் பேசுகின்றான். அடியவன் முறையீடு ஆண்டவன் வாக்காதல் எங்ஙனம்? முறையிடுவோன் நெஞ்சினை முறையிடுதற்குரியதாகப் பண்படுத்தியதும் அருளே ஆதலின், அம்முறையீடும் அருளின்பாற்பட்டதே என்பது இரண்டாம் படியின் இலக்கணத்தாற் பெறப்படும். விதி வகுத்தற்குச் சங்கீதம் பயன்படாது. நோயுற்றார் அருகினும், இறந்தார் அருகினும், நாடோறும் தொழும் தொழுகையினும் யூதர் நாவில் பயில்வது சங்கீதமே. எனவே, ஆட்சியில் தாழ்ந்தது அன்பில் உயர்ந்து நிற்றல் கூடும் என்பது விளங்கும்.

இத்தர அடுக்கு வழக்கொழிந்து முடிந்த முடிபாகவும் நின்றதில்லை. 1508-இல் மறைந்த இசாக் அப்ரவனேல், தானியேலைத் தீர்க்கதரிசியல்லர் என்ற மைமோனிடிசின் கொள்கையை மறுத்து, அவர் தீர்க்கதரிசியே என்று நூல் எழுதினார். மேலும், ஒருதன்மைத்தாகக் கொள்ளப்படும் தோராவினுள்ளும் நுண்ணிய வேறுபாடு காணப்பட்டது. லேவியராகமத்துச் சாபங்கள் இறைவன் வாயினின்று வந்தன. உபாகமத்துச் சாபங்களை மோசே தாமே மொழிந்தார் என்பது தல்மூதில் வரும் ஒரு கூற்று. தாமே மொழிந்தாரெனினும் பரிசுத்த ஆவியான் மொழிந்தார் என்று இடைக்கால உரைகாரர் அதற்கு விளக்கம் எழுதினர். மோசேயின் மரணம் கூறும் இறுதி 8 வசனங்களை யோசுவா எழுதினார் என்றார் ஒருவர். மோசேயே கண்ணீரோடு எழுதினார் என்றார் மற்றொருவர். மைமோனிடிஸ் தாம் வகுத்த 13 கோட்பாடுகளுள் எட்டாவதாக, தோரா முழுவதும் விண்ணினின்று வந்தது என்பதையும், அதனுள் வமிசப் பட்டியலும் பெருங்கட்டளையும் புனிதத்தில் வேறல்ல என்பதையும் நிலைநாட்டினார். 13-ஆம் நூற்றாண்டினராகிய நஹ்மனிடிஸ், மோசே தொன்மையான நூலொன்றைப் பார்த்தெழுதும் எழுத்தாளன் போன்றவர் என்று கூறி அக்கருத்தினை வலியுறுத்தினார்.

இவ்வடுக்கிற்கு வந்த பெரிய தாக்குதல் அவ்வினத்துப் பிறந்தார் ஒருவராலேயே வந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரில் 1632-இல் பிறந்து, 1656-இல் தம் சமுதாயத்தாரால் விலக்கப்பட்ட ஸ்பினோசா, 1670-இல் தம் பெயர் கூறாது வெளியிட்ட நூலில் இவ்வாறு வாதித்தார்: தீர்க்கதரிசிகள் சிறந்தது கற்பனை ஆற்றலால், அறிவு நுட்பத்தால் அன்று, அவரவர் மனநிலைக்கும் பழக்கத்திற்கும் ஏற்பவே அவர் கண்டனர், மோசே இறைவனைப் பற்றிக் கொண்ட எண்ணங்களும் அத்தகையனவே, தோரா மோசே எழுதியதும் அன்று. கொள்வோன் இயல்பு வாக்கிற் கலக்கும் என்பதை ஆசிரியர் முன்னரே உடன்பட்டனர். அவ்வுடன்பாட்டினையே கருவியாகக் கொண்டு, மோசேக்கு அவர் வைத்த விலக்கினை ஸ்பினோசா நீக்கிவிட்டார். தெளிந்த கண்ணாடி என்பதொன்று இல்லை, எல்லாம் மங்கிய கண்ணாடிகளே என்பது அவர் வாதத்தின் சாரம். அதனை ஏற்பின், நீதியும் அன்பும் பற்றிய நல்லுரையாகத் தோரா நிற்கலாம். மீறலாகாத விதியாக நிற்றல் அரிது.

இதற்கு விடை யாது? கண்ணாடியின் நிறத்தை எடுத்துக்காட்டினார் ஒருவர், அதனால் ஒளி இல்லை என்று நாட்டியவர் ஆகார். நிறத்தை அறியச் செய்வதும் ஒளியேயாகும். அதுபோலவே, ஒளி உண்டென்பது கொண்டே ஒரு கண்ணாடி மட்டும் நிறமற்றது என்பது நாட்டப்படாது. மோசேயின் தனிநிலை காரணவாதத்தால் முடிவதன்று. ஒரு மக்களினம் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவரும் நம்பிக்கையால் முடிவது. மைமோனிடிசும் அதனை 13 கோட்பாடுகளுள் ஒன்றாகவே வைத்தார். வாதம் எட்டுமளவு சென்று, எட்டாவிடத்து அதனை ஒளிக்காது கோட்பாடென்று பெயரிட்டு நிறுத்துதல் நேர்மையுடைய ஆராய்ச்சிக்கு அழகாம்.

இதுகாறும் கூறியவாற்றால், யூத ஆசிரியர் தெய்வ வாக்கில் தரம் வகுத்தது தம் மறையைத் தாழ்த்துதற்கு அன்று என்பதும், அருளுவோன் குறைவின்றி நிற்ப, ஏற்போன் நிலைக்கேற்ப வாக்கு வேறுபடும் என்பதும், அவ்வேறுபாட்டினை உணர்தலால் அருளின் பெயரால் எவரும் விதியை அழித்தற்கு இடமில்லையாயிற்று என்பதும், தரத்தில் தாழ்ந்ததும் அடியார் நெஞ்சில் உயர்ந்து நிற்கும் என்பதும் பெறப்பட்டன. ஏசாயாவும் எசேக்கியேலும் மங்கிய கண்ணாடி வழியாகவே கண்டனர் என்று கொள்ளும் ஒருவன், தான் கொண்ட பொருளே இறைவன் திருவுள்ளம் என்று பிறரைத் துன்புறுத்தத் துணியான். தெய்வ நூலை ஓதுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது இவ்வடக்கமே என்க.